தமிழ்ப் பெயரைத் தாங்காத பூட்டு எதற்கு?



2016ஆம் ஆண்டின் இறுதியில், கெப்பாலா பத்தாசிலிருந்து பட்டர்வொர்த் செல்லும் வழியில், ஓர் உணவகத்தின் முன் நிறுத்தியிருந்த மகிழுந்தின் கண்ணாடியை உடைத்து எவனோ ஒருவன் ஒரு மடிக்கணினியைத் தூக்கிச் சென்றான். அது என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவருடையது. ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி போனதைப் பற்றி அவர் பெரிதாக வருந்தவில்லை. அதனுள் இருந்தவற்றை நினைத்துத்தான் அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. வகுப்பு மாணவர் அனைவரின் பிறப்புப் பத்திரப் படிகள், பெற்றோரின் சம்பளச் சீட்டுகள், உதவித்தொகைப் படிவங்கள், வீட்டு முகவரிகள்... இவற்றோடு, பிறப்புப் பத்திரமே இல்லாத இரு பிள்ளைகளுக்காக அவர் அலைந்து திரிந்து சேர்த்து வைத்திருந்த கடிதங்களும் சத்தியப் பிரமாணங்களும் அதில் இருந்தன.

நம் சமுதாயத்தில் ஆவணமற்ற பிள்ளைகளின் நிலை எத்தகையது என்பதை இங்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2011இல் மைடஃப்தார் என்னும் பதிவு இயக்கம் நாடு முழுவதும் நடத்தப்பட்ட பின்னரும் அச்சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. அத்தகைய குடும்பமொன்றின் தாள்கள் யார் கையில் சிக்கினாலும் அது வெறும் தாள் அன்று. மிரட்டவும் ஏமாற்றவும் அதுவே போதும்.

அந்த நிகழ்வுக்குப் பிறகுதான் என் மடிக்கணினியைப் பூட்டிவைக்க வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு வந்தது. நான் லினக்ஸ் பயன்படுத்துபவன். அப்போது உபுண்டு 16.04 வைத்திருந்தேன். அதனை நிறுவும்பொழுது, 'என் இல்லக் கோப்புறையை மறையாக்கம் செய்க' என்று ஒரு கட்டம் வரும். அதில் ஒரு குறியிட்டால் போதும். உள்நுழையும்போது கோப்புகள் தாமாகத் திறந்துகொள்ளும், வெளியேறினால் மூடிக்கொள்ளும். இதைவிட எளிது வேறென்ன உண்டு? குறியிட்டேன். நிம்மதியாக உறங்கினேன்.

அந்த நிம்மதி 2017 சனவரி வரையில்தான் நீடித்தது. புதிய ஆண்டின் வகுப்புக் கோப்புகளை விரலியிலிருந்து படியெடுத்தபோது, சில கோப்புகள் மட்டும் உள்ளே வர மறுத்தன. 'கோப்பின் பெயர் மிக நீளம்' என்றது கணினி. விரலிதான் பழுதாகிவிட்டது என்று எண்ணி, வேறொன்று வாங்கினேன். அதிலும் அதே கதை. வர மறுத்தவை எவையென்று பட்டியலிட்டுப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். அவை அனைத்தும் தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகள். மலாய்மொழியில் பெயரிட்ட கோப்பு ஒன்றுகூடத் தடைபடவில்லை!

இஃது ஏதோ தமிழுக்கு எதிரான சூழ்ச்சி என்று எண்ணிவிட வேண்டா. காரணம் வெறும் கணக்கு. ஆனால், அந்தக் கணக்கை நம்மவர் எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஆகவே அதனைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லினக்சில் கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் சேமிக்கப்படுகின்றன. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த முறை அது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு அதில் ஒரு பைட்டு போதும். தமிழுக்கோ, ஒருங்குறியில் நமக்கு ஒதுக்கப்பட்ட இடம் சற்றுத் தள்ளி இருப்பதால், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு தேவை. அத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. 'அ' என்பது ஒரு குறி, மூன்று பைட்டு. 'கி' என்பது நம் கண்ணுக்கு ஓரெழுத்து. கணினிக்கோ 'க' ஒரு குறி, இகரக் கொக்கி இன்னொரு குறி. ஆக ஆறு பைட்டு. 'க்' என்பதும் ஆறுதான், புள்ளியும் ஒரு குறியாதலால். 'ஸ்ரீ' என்று எழுதினால் பன்னிரண்டு பைட்டு போய்விடும்.

இப்போது என் கோப்புகளுள் ஒன்றின் பெயரைப் பாருங்கள்: 'நான்காம் ஆண்டு மல்லிகை வகுப்பு மாணவர் தன்விவரப் படிவம்'. ஏழு சொற்கள். எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது எழுத்துகள். கணினிக் கணக்கில் நாற்பத்தெட்டுக் குறிகள்; அதாவது 144 பைட்டு. இடைவெளிகள் ஆறு, கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டுக்கு நான்கு. மொத்தம் 154. இதே பெயரை மலாயில் 'போராங் மக்லுமாட் டிரி மூரிட் தாஹுன் எம்பாட் மெலாத்தி' என்று உரோமன் எழுத்தில் இட்டால் பின்னொட்டோடு சேர்த்து 49 பைட்டில் முடிந்துவிடும்.

எக்ஸ்ட்4 முதலிய வழக்கமான கோப்பு முறைமைகள் ஒரு பெயருக்கு 255 பைட்டு வரை இடந்தருகின்றன. தமிழுக்கு அது 85 குறிகள். தாராளம் என்று சொல்ல முடியாவிடினும் போதும். ஆனால் நான் குறியிட்ட அந்தக் கட்டத்தின் பின்னால் இருந்தது ஈகிரிப்ட்எஃப்எஸ் என்னும் வேறொரு முறைமை. 2006இல் லினக்ஸ் கருநிரலின் 2.6.19 பதிப்பில் சேர்ந்தது. இது தனித்து நிற்பதன்று. ஏற்கெனவே உள்ள கோப்பு முறைமையின்மேல் ஏறி அமர்ந்துகொள்வது. பெயரை மறையாக்கம் செய்து, மறையாக்கப்பட்ட பெயரையும் சாதாரண எழுத்துகளாகவே மாற்றிக் கீழே உள்ள முறைமையிடம் கொடுக்கும். அவ்வாறு மாற்றும்போது பெயர் ஊதிப் பெருத்துவிடும். முன்னால் ஓர் அடையாளச் சொல்லும் ஒட்டிக்கொள்ளும். கீழே 255 என்ற எல்லை மாறாதாகையால் மேலே நமக்குக் கிடைப்பது 143 பைட்டு மட்டுமே. தமிழில் அது 47 குறிகள்.

என் கோப்புப் பெயரின் தமிழ்ப் பகுதி நாற்பத்தெட்டு. ஒரே ஒரு குறி! ஒரு புள்ளியைக் குறைத்திருந்தால் உள்ளே போயிருக்குமோ என்று கேட்காதீர்கள். இடைவெளிகள் இருக்கின்றனவே.

விண்டோசைப் பயன்படுத்துவோருக்கு இத்தொல்லை பெரும்பாலும் தெரியாது. அங்கே எல்லை பைட்டுக் கணக்கில் இல்லை. பதினாறு பிட்டு அலகுக் கணக்கில் 255. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஓரலகே. ஆகவே, விண்டோசில் நண்பர் ஒருவர் இடும் நீண்ட பெயர், எக்ஸ்ட்4க்கே கூட எட்டாமற் போகலாம். தமிழ்நாட்டரசு 2010இல் ஏற்றுக்கொண்ட தகுதர அனைத்தெழுத்துருக் குறியேற்றத்தில் ஒவ்வோர் உயிர்மெய்யும் ஒரே குறி. அம்முறையில் என் இருபத்தொன்பது எழுத்துகளும் 87 பைட்டில் அடங்கியிருக்கும். ஆனால் உலகம் ஒருங்குறியில் குடியேறிவிட்டது. அந்த வழக்கை இங்கே மீண்டும் திறக்க எனக்கு விருப்பமில்லை.

'பெயரைச் சுருக்கினால் என்ன? ஆங்கிலத்தில் வைத்தால் என்ன?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். சுருக்கலாம். ஆயினும் எனக்கு அதில் உடன்பாடில்லை. வகுப்பறையில் நின்று, 'கணினியிலும் தமிழில் எழுதுங்கள், தமிழில் பெயரிடுங்கள்' என்று பிள்ளைகளிடம் கூறிவிட்டு, என் இருக்கைக்குத் திரும்பியதும் கோப்புக்கு மட்டும் உரோமன் எழுத்தில் பெயர் வைப்பதா? நம் நாட்டிலிருந்தே முத்து நெடுமாறன் போன்றோர் முரசு அஞ்சல் தொடங்கிக் கணினித் தமிழுக்கு எவ்வளவோ செய்திருக்கிறார்கள். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அத்தனை உழைப்புக்கும் பிறகு ஏழு சொல் கொண்ட ஒரு பெயரைத் தாங்காத பூட்டு நமக்குத் தேவைதானா? பூட்டை மாற்றுவோம், பெயரை மாற்ற வேண்டா. இஃது என் நிலைப்பாடு.

தவிரவும், அந்தப் பூட்டில் வேறு குறைகளும் இருந்தன. இல்லக் கோப்புறையை மட்டும் பூட்டினால், அதற்கு வெளியே சிந்துபவற்றை என் செய்வது? நினைவகம் நிரம்பும்போது கணினி வட்டில் எழுதிவைக்கும் இடமாற்றுப் பகுதி ஒன்று. தற்காலிகக் கோப்புறை ஒன்று. ஆசிரியர்களாகிய நாம் அதிகம் மறந்துவிடுவது அச்சுப்பொறி வரிசை. மாணவரின் தன்விவரப் படிவத்தை அச்சிடும்போது, அதன் படியொன்று இல்லக் கோப்புறைக்கு வெளியே, வேறொரு கோப்புறையில் போய் அமர்கிறது. லினக்சின் கப்ஸ் அச்சு அமைப்பு இயல்பாகவே அதனை ஒரு நாள் வரை வைத்திருந்து பின்னரே நீக்கும். நீக்கிய பின்னும் வட்டில் அதன் தடம் இருக்கலாம். வாசற்கதவை இறுகப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து போட்ட கதைதான்.

உபுண்டுக்காரர்களும் இதனை உணர்ந்துகொண்டார்கள் போலும். 2018இல் வெளிவந்த 18.04 பதிப்பின் நிறுவியிலிருந்து அந்தக் கட்டத்தையே நீக்கிவிட்டு, வட்டு முழுவதையும் மறையாக்குவதே நன்று என்றார்கள். ஆகவே, இன்னமும் பழைய நிறுவலில் ஈகிரிப்ட்எஃப்எஸ்சை வைத்துக்கொண்டிருப்பவர்கள் விரைவில் வெளியேறிவிடுங்கள். வெளியேறுவது கடினமன்று. உள்நுழைந்து, திறந்த நிலையில் அனைத்தையும் வேறொரு வட்டுக்குப் படியெடுத்துக்கொண்டு, புதிதாக நிறுவிக்கொள்ள வேண்டியதுதான். படியெடுக்கும் அந்த வட்டும் பூட்டப்பட்டிருக்க வேண்டும், அதனை மறந்துவிடாதீர்கள்.

சரி, எதற்கு மாறுவது?

தனியொருவர் மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினியாயின் என் விடை இதுதான்: அடியில் லக்ஸ், அதன்மேல் எக்ஸ்ட்4. லக்ஸ் என்பது வட்டின் பகுதி முழுவதையும் ஒரே பெட்டியாகப் பூட்டும் முறை. அதன் இயந்திரமாகிய டிஎம்-கிரிப்ட் 2004இலேயே கருநிரலில் இடம்பெற்றுவிட்டது. அது கோப்பு என்றோ பெயர் என்றோ எதனையும் அறியாது. வட்டின் கட்டங்களை மட்டுமே பார்க்கிறது. ஆதலால் பெயரின் நீளம் குறையாது. 255 பைட்டும் அப்படியே கிடைக்கும். இடமாற்றுப் பகுதி, தற்காலிகக் கோப்புறை, அச்சு வரிசை யாவும் பெட்டிக்குள் அடக்கம். எத்தனை கோப்புகள் உள்ளன, எவ்வளவு பெரியவை என்பதையும் வெளியார் அறிய இயலாது. கணினியைத் தொடக்கும்போது ஒருமுறை கடவுத்தொடரைத் தட்ட வேண்டும். அவ்வளவே.

பள்ளியில் பலரும் பயன்படுத்தும் மேசைக்கணினிக்கு இது பொருந்தாது. காலையில் கிராணி ஒருமுறை திறந்துவிட்டால் பெட்டி எல்லார்க்கும் திறந்ததுதான். அதன்பின் காப்பது கோப்பு அனுமதிகள் மட்டுமே. அவரவர் இல்லக் கோப்புறை அவரவர் கடவுச்சொல்லுக்கு மட்டும் திறக்க வேண்டுமாயின், எக்ஸ்ட்4இன் உள்ளேயே அமைந்த எஃப்எஸ்கிரிப்ட் இருக்கிறது. 2015இல் கருநிரல் 4.1இல் வந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் 7.0 பதிப்பு முதல் கோப்புவாரி மறையாக்கத்துக்கு இதே வழியைப் பின்பற்றுகின்றன. ஆகவே, உங்கள் சட்டைப்பையிலேயே இது உழைத்துக்கொண்டிருக்கலாம். ஈகிரிப்ட்எஃப்எஸ்போல் இது மேலே ஏறி அமர்வதில்லை. கோப்பு முறைமையே பெயரை மறையாக்கி நேரடியாக எழுதிக்கொள்கிறது. எழுத்தாக மாற்றும் வேலை இல்லை. ஊதிப் பெருப்பதும் இல்லை. 255 பைட்டு முழுமையாக நம்முடையது. குறையென்றால், கோப்புகளின் அளவும் தேதியும் எண்ணிக்கையும் வெளியே தெரியும். வெற்றுக் கோப்புறையில்தான் இதனைத் தொடங்க முடியும் என்பதையும் நினைவிற் கொள்க.

இங்குத்தான் கோப்பு முறைமையைத் தெரிவு செய்வதன் முக்கியம் விளங்குகிறது. எக்ஸ்எஃப்எஸ் நல்ல முறைமை, பெரிய கோப்புகளுக்கு ஏற்றது. ஆனால் அதில் எஃப்எஸ்கிரிப்ட் இல்லை. ஒருமுறை பெரிதாக்கினால் மீண்டும் சுருக்குவதும் இயலாது. பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் கருநிரலோடு வரும் உள்ளமைந்த மறையாக்கம் இல்லை; லக்ஸ் மேல்தான் வைக்க வேண்டும். இசட்எஃப்எஸ் 2019இல் வந்த 0.8 பதிப்பு முதல் தானே மறையாக்கம் செய்கிறது. ஆயினும் உரிமச் சிக்கலால் அது கருநிரலோடு சேர்ந்து வருவதில்லை. ஓய்வு நேரத்தில் கணினி பார்க்கும் ஆசிரியருக்கு அஃது அதிகச் சுமை. எக்ஸ்ட்4 ஒன்றுதான் இரண்டு வழியிலும் செல்லவிடுகிறது: இன்று லக்ஸ் மேல் வைக்கலாம்; நாளை அக்கணினி பலர் கைக்குப் போனால், அதே முறைமையில் எஃப்எஸ்கிரிப்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிடிஆர்எஃப்எஸ்சை விரும்பும் நண்பர் ஒருவர் எனக்குண்டு. ஃபெடோரா 33 (2020) முதல் அதுதானே இயல்பிருப்பு என்பார். அவர் கூறுவதில் உண்மை இருக்கிறது. அது கோப்பின் உள்ளடக்கத்துக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருக்கிறது. வட்டு மெல்லக் கெட்டு ஒரு பைட்டு மாறினாலும் கண்டுபிடித்துச் சொல்லும். எக்ஸ்ட்4 தன் சொந்தக் குறிப்பேடுகளுக்கு மட்டுமே அவ்வாறு செய்யும். உங்கள் கோப்புக்குள் என்ன மாறியது என்பது அதற்குத் தெரியாது. நிழற்படிகள் வேறு இருக்கின்றன. தவறுதலாக அழித்த கட்டுரைகளை மீட்கலாம். இவற்றையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் கெட்டுப்போன வட்டை எக்ஸ்ட்4இலிருந்து மீட்டுத் தரத் தெரிந்தவர்கள் எளிதாகக் கிடைக்கிறார்கள். மற்றதற்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வேகம் குறையுமோ என்று அஞ்சுவோர் உண்டு. மறையாக்கத்துக்கெனத் தனிக் கட்டளைகள் அமைந்த செயலிகளில் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. இன்டெல் 2010 முதல் அவற்றைச் சேர்க்கத் தொடங்கியது. அவையில்லாத பழைய அல்லது மலிவான பொறிகளுக்கென்றே அடியாண்டம் என்னும் முறை 2019இல் கருநிரல் 5.0இல் வந்திருக்கிறது.

இனித் தமிழுக்கே உரிய இன்னொரு தொல்லை. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க' உடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். 'க', ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாகச் சேமிப்பது மற்றொரு விதம். முதலாவது ஆறு பைட்டு, இரண்டாவது ஒன்பது. இரண்டும் ஒன்றேயென ஒருங்குறி விதி கூறுகிறது. எக்ஸ்ட்4 அதனை இயல்பாகப் பார்ப்பதில்லை. அதற்கு பைட்டு வேறானால் பெயரும் வேறு. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பிரித்தே எழுதும். அங்கிருந்து வந்த கோப்பும் இங்கே தட்டிய கோப்பும் 'பொங்கல்' என ஒரே பெயரோடு அருகருகே நிற்கும். எது புதிது, எது பழையது என்று எவரும் அறியார். ஒருமுறை மதிப்பெண் பட்டியலில் இந்த இரட்டையரிடம் சிக்கி, பழைய பட்டியலை அச்சிட்டுக் கொடுத்து, நான் பட்டபாடு போதும்.

2019இல் கருநிரல் 5.2இல் எக்ஸ்ட்4க்கு ஒரு வசதி வந்தது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்காக ஏற்பட்டது அது. நமக்கு அவ்வேறுபாடே கிடையாது. ஆனால் அவ்வசதி பெயர்களை ஒருங்குறி விதிப்படி ஒப்பிடுவதால், நம் 'பொங்கல்' இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன! கோப்பு முறைமையில் இதற்கு இடம் விட்டு, வெற்றுக் கோப்புறையில் இயக்க வேண்டும். யாருக்கோ இட்ட பந்தலில் நாமும் நிழல் காய்கிறோம்.

கடவுத்தொடரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழாசிரியர் பலர் திருக்குறளைக் கடவுத்தொடராக வைத்திருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். நானும் வைத்திருந்தேன். மறக்காது, நீளமானது, அழகானது. ஆனால் குறள்கள் எத்தனை? 1330. லக்சின் இரண்டாம் பதிப்பு, ஒவ்வொரு முயற்சிக்கும் ஏறத்தாழ இரண்டு நொடி ஆகுமாறு பூட்டை வேண்டுமென்றே மெதுவாக்கி வைக்கிறது. அப்படியும் 1330 குறளையும் முயன்று பார்க்க நாற்பத்தைந்து நிமிடம் கூட ஆகாது. ஒவ்வொரு குறளையும் உரோமன் எழுத்தில் ஆயிரம் விதமாக எழுதலாம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அதுவும் ஒரே கணினியை வைத்து! திருடியவர் தமிழரல்லர் என்று எண்ணி ஆறுதல் கொள்வதற்கில்லை. வள்ளுவரை உலகப் பொதுமறையாக்கி ஊரெங்கும் பரப்பியவர்கள் நாம்தாமே!

தமிழ் எழுத்திலேயே கடவுத்தொடர் வைப்பதும் ஆகாது. கணினி தொடங்கி லக்ஸ் நம்மைக் கேட்கும் அந்த நேரத்தில் தமிழ் உள்ளீட்டு முறை எதுவும் விழித்திருக்காது; அது உள்நுழைந்த பிறகே எழும். எழுந்தாலும், மேற்சொன்ன 'கொ' எந்த விதமாகப் பதிவாகும் என்று உறுதி கூற இயலாது. கடவுத்தொடரில் ஒரு பைட்டு மாறினாலும் கதவு திறவாது. ஆகவே, அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு இடங்களில் திறந்து, கைக்கு வந்த ஆறு தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தொடர்பில்லாத சொற்களாக இருப்பதே நன்று. ழகரம் வரும் சொல்லாயின் அதனை எப்படி எழுதுவது என்பதை அன்றே முடிவு செய்துவிடுங்கள். முதல் வாரத்தில் என் கதவு திறவாமல் நான் வியர்த்ததற்கு அந்த ழகரமே காரணம்.

மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டுக் கிளம்பும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அந்நிலையில் கணினி உறங்குகிறதே தவிரப் பூட்டப்படவில்லை. திறவுகோல் நினைவகத்திலேயே கிடக்கிறது. மகிழுந்தில் வைக்கும் முன் முற்றாக நிறுத்திவிட வேண்டும். இதைச் செய்யாதவர் எந்தக் கோப்பு முறைமையைத் தெரிவு செய்தாலும் பயன் குறைவு.

லக்ஸ் பெட்டியின் முன்பகுதியில் ஒரு தலைப்புப் பகுதி இருக்கிறது. திறவுகோல் அனைத்தும் அங்கேதான். அது சிதைந்தால், கடவுத்தொடர் சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பவை திரும்பி வாரா. பிறையில், சுங்கை மூடாவில், எங்கும் நாம் பார்க்கும் மாலை நேர இடியும் மின்வெட்டும் வட்டுக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தலைப்பைப் பிறிதோர் இடத்தில் படியெடுத்து வைக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. நிறுவிய அன்றே செய்துவிடுங்கள். இரண்டாம் பதிப்பில் அதன் இயல்பான அளவு 16 மெகாபைட்டுதான். எந்தப் பழைய விரலியும் தாங்கும். கோப்புகளின் காப்புப்படி வேறு, இது வேறு. இரண்டும் வேண்டும்.

'சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?' என்று கேட்போருக்கு ஒரு சொல். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வணிக நடவடிக்கைகளுக்கானது. கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் அது பொருந்தாது. 2024இல் திருத்தப்பட்ட பின்னரும் அவ்விலக்கு நீடிக்கிறது. 2017இல் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்தது நினைவிருக்கிறதா? நாட்டின் மக்கள்தொகையை விஞ்சிய எண்ணிக்கை அது. அவ்வளவு பெரிய நிறுவனங்களிடமிருந்தே கசிந்தது என்றால், மகிழுந்தின் பின்னிருக்கையில் கிடக்கும் நம் மடிக்கணினி எம்மாத்திரம்?

'தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் கணினியை யார் குறிவைத்துத் திருடப் போகிறார்கள்?' என்பதும் அடிக்கடி காதில் விழுவதே. குறிவைத்துத் திருடுபவன் யாருமில்லைதான். திருடியவனுக்குப் பொருள்தான் வேண்டும். இருநூறு வெள்ளிக்குக் கைமாற்றிவிடுவான். அதனை வாங்கியவர், பின்னர் பழுது பார்ப்பவர், வட்டை மட்டும் கழற்றி விற்பவர் என அது எத்தனை கை மாறும் என்பதை யாரறிவார்? என் நண்பரின் அந்த மடிக்கணினி இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இரு பிள்ளைகளுள் ஒருவருக்கு அடையாள அட்டை கிடைத்துவிட்டது. மற்றவரின் தாள்களை நண்பர் தொடக்கத்திலிருந்து மீண்டும் திரட்டினார். இம்முறை அவை லக்ஸ் மேல் எக்ஸ்ட்4இல் இருக்கின்றன. கோப்புறைக்குத் தமிழில்தான் பெயர் வைத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், 61 குறிகள்.

பிடிஆர்எஃப்எஸ் நண்பர் இன்னும் விடுவதாயில்லை. வரும் பள்ளி விடுமுறையில் ஒரு பழைய பொறியில் அதனை லக்ஸ் மேல் நிறுவி, என் கோப்புகளின் படியொன்றை அதில் இட்டு, ஒரு தவணைக் காலம் ஓட்டிப் பார்ப்பதாக அவருக்கு வாக்களித்திருக்கிறேன்.